புலி எப்படி லாரியானது? மகேந்திரனும் அவர் படமாக்கிய கதைகளும்

மந்தைவெளியில் உங்கள் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ‘முள்ளும் மலரும்’ தொடர்கதையின் பைண்டு ஒன்று கிடைத்தது என்றும், அதைப் படித்து முடித்தபோது பலமுறை பார்த்த படத்தின் மீதே கோபம் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாவலில் நாயகன் காளியின் கையைப் பறிப்பது புலி, படத்தில் லாரி. இப்படி மாற்றியது எழுத்தாளருக்குச் செய்த அநீதி ஆகாதா, படத்தை இயக்கிய மகேந்திரன் மற்ற நாவல்களையும் இப்படித்தான் நடத்தினாரா, தொலைக்காட்சியில் வந்த கதைகள் மட்டும் மூலத்தோடு ஒட்டி நின்றதாகத் தோன்றுவது ஏன் என்பவை உங்கள் கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் தனித்தனியாகப் பிரிக்காமலே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைப் பார்க்கலாம். 1966-இல் கல்கி இதழ் தன் வெள்ளி விழாவை ஒட்டி நடத்திய நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்ற கதை அது. எழுதிய உமாசந்திரன் வானொலியில் பணியாற்றியவர். நடிகர் பூர்ணம் விஸ்வநாதனின் சகோதரர். வாராவாரம் இதழில் வந்ததை யாரோ உங்கள் வீட்டில் பொறுமையாகக் கிழித்தெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். என்னிடமும் இப்படி நாலைந்து பைண்டுகள் இருக்கின்றன. எல்லாம் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. அட்டையில் பழைய புடவைத் துணி, முதுகில் பேனாவால் எழுதிய பெயர், ஒவ்வொரு அத்தியாயத்தின் பின்புறத்திலும் வேறொரு கதையின் பாதியோ கூந்தல் தைல விளம்பரமோ இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு வாரத்து அத்தியாயம் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்து வைத்தவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வாரத்துக் கதையை அரைப் பக்கத்தில் நீல மையால் எழுதி அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார். எழுத்தைப் பார்த்தால் ஒரு பெண் எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த அரைப் பக்கத்தில் சண்டை இல்லை, கடிதம் கைமாறியது இல்லை. அவன் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான், அவள் தட்டைக் கழுவாமல் வைத்திருந்தாள் என்பது மட்டும் இருக்கிறது. ஒரு நாவலைப் படமாக்குவது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நீல மைதான் நினைவுக்கு வரும்.

தமிழில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட நாவல்களில் பெரும்பாலானவை முதலில் தொடர்கதைகள். ‘முன்கதைச் சுருக்கம்’ என்று தொடங்கி ‘தொடரும்’ என்று முடியும் வடிவம் அவற்றின் எலும்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வாசகரை அடுத்த வாரம் வரை நிறுத்திவைக்க ஒரு கொக்கி வேண்டும்: கதவு தட்டப்படும், தந்தி வரும், புலி உறுமும். இரண்டரை மணி நேரப் படத்தில் அந்தக் கொக்கிகளுக்கு வேலை இல்லை. பார்ப்பவர் எங்கும் எழுந்து போகப் போவதில்லை. போனாலும் இடைவேளையில் முறுக்கும் காப்பியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். எனவே தொடர்கதையைப் படமாக்குகிறவர் முதலில் கழற்ற வேண்டியது கொக்கிகளைத்தான். பலர் அதைச் செய்யாமல், கொக்கிகளை மட்டும் வைத்துக்கொண்டு கதையைக் கழற்றிவிட்டார்கள்.

மகேந்திரனுக்கு இந்தச் சிக்கல் இயக்குநராவதற்கு வெகு முன்பே அறிமுகமாகிவிட்டது. இளையான்குடியில் 1939-இல் பிறந்த ஜே. அலெக்சாண்டர் என்ற அந்த இளைஞர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, விருந்தினராக வந்திருந்த எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் காதல் பாட்டுகளைக் கேலி செய்து பேசியதும், எம்.ஜி.ஆர். அதைப் பாராட்டியதும் பலரும் அறிந்த செய்தி. பின்னர் சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்து, பணமில்லாமல் படிப்பை விட்டபோது, எம்.ஜி.ஆர். அவரை அழைத்துக் கொடுத்த வேலை கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதுவது. லாயிட்ஸ் சாலை வீட்டில் உட்கார்ந்து ஐந்து பாகத்தையும் திரைக்கதையாக்கினார். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவே இல்லை. அந்த நாவல் திரைக்கு வர 2022, 2023 ஆண்டுகளும், மணிரத்னமும், இரண்டு பாகங்களும் தேவைப்பட்டன. இருபது வயதை ஒட்டிய ஒரு பையனுக்கு முதல் பாடமாகவே, ஒரு வரியில் சுருக்க முடியாத நாவல் கிடைத்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏராளமான பாத்திரங்களும் சதிகளும் கொண்ட அந்தக் கதையைச் சுருக்கச் சுருக்க வெறும் சம்பவப் பட்டியலே மிஞ்சும் என்பதை அந்த வேலை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் கோடம்பாக்கத்தின் தேர்ந்த கதை வசனகர்த்தா. சிவாஜி நடித்த ‘தங்கப்பதக்கம்’ நாடகமாகவும் 1974-இல் படமாகவும் வெற்றி பெற்றது அவருடைய எழுத்தில். மணியனின் ‘மோகம் முப்பது வருஷம்’ நாவலை எஸ்.பி. முத்துராமன் 1976-இல் படமாக்கியபோது திரைக்கதையை எழுதியவரும் அவரே. இடையில் துக்ளக் இதழில் சினிமா விமர்சனமும் எழுதினார். வசனத்தால் சம்பாதித்துக்கொண்டே வசனத்தின் மீது சலிப்பை வளர்த்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம். இந்த முரண் தெரியாவிட்டால் ‘முள்ளும் மலரும்’ படத்தின் மாற்றங்கள் வெறும் விருப்பு வெறுப்பாகத் தெரியும்.

இப்போது புலிக்கு வருவோம். நாவலை வரிக்கு வரி பின்பற்றும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை, காளி என்ற அந்த மனிதனே தம்மைப் பிடித்துக்கொண்டான் என்ற பொருளில் மகேந்திரன் பலமுறை சொல்லியிருக்கிறார். தங்கையைத் தவிர உலகில் எவருக்கும் தலை குனியாத ஒருவன், கையை இழந்த பிறகும் குனிய மறுக்கிறான். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட விதை. இந்த விதையை வைத்துக்கொண்டு புலியைப் பாருங்கள். புலி ஒருவனைத் தாக்கினால் அது விதி; ஊரே அவனுக்காக அழும்; தப்பிப் பிழைத்தால் வீரன் என்று கொண்டாடும். காளியின் குணத்துக்கும் அவன் இழப்புக்கும் நடுவில் காடு வந்து நின்றுவிடும். படத்தில் நடப்பது வேறு. மின்நிலையத்தில் விஞ்ச் என்ற இழுவைப் பொறியை இயக்கும் காளியைப் புதிதாக வந்த இன்ஜினியர் வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்துகிறார். அவமானம் தாங்காமல் குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடப்பவன் மேல் லாரி ஏறுகிறது. கை போனதற்கு அவனே பொறுப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியும். இன்ஜினியர்தான் காரணம் என்று அவன் நம்புவான். அந்த இடைவெளியில்தான் படத்தின் மீதிப் பாதி முழுவதும் நிற்கிறது. தங்கை வள்ளியை அதே இன்ஜினியர் பெண் கேட்கும்போது காளி மறுப்பதற்கு எந்த வசனமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் சட்டைக்கை சொல்லிவிடும். புலியை வைத்திருந்தால் இந்த மறுப்புக்கு வேறொரு காரணத்தைப் பேசிப் பேசி உண்டாக்க வேண்டியிருக்கும்.

ஆகவே அந்த மாற்றம் நாவலை விட்டு விலகியது உண்மை. காளியை விட்டு விலகவில்லை.

சாலிகிராமத்தில் திரைப்படம் படிக்க வந்த சிலருக்குச் சில காலம் நான் வகுப்பு எடுத்தபோது ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. இந்தப் படத்தின் கடைசிப் பகுதியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன். வள்ளி ஊராரோடும் இன்ஜினியரோடும் நடந்து வருகிறாள். வழியில் காளி ஒற்றை ஆளாக நிற்கிறான். அவள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து அண்ணனிடம் ஓடுகிறாள். அவன் முகம் மாறுகிறது. ஊராரைப் பார்த்து ஏதோ சொல்கிறான். பிறகு அவனே அவளைக் கூட்டிப்போய் இன்ஜினியரிடம் ஒப்படைக்கிறான். ஒலி இல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும். ‘அப்படியானால் அவன் திருந்திவிட்டான், இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், இல்லையா?’ என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். பிறகு ஒலியைப் போட்டால், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை, என் தங்கைக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்ற பொருளில் அவன் இன்ஜினியரிடம் பேசுவது கேட்கும். வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அடுத்த கணம் அமைதியாகிவிடும். வசனகர்த்தாவாக இருந்த ஒருவர் வசனத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. படம் சொன்னதை வசனம் திருப்பிச் சொல்லவில்லை. படம் சொன்னதிலிருந்து ஒரு பகுதியை மறுக்கிறது.

படத்தின் தயாரிப்பாளர் வேணு செட்டியார் அண்ணன் தங்கை கதை என்ற ஒரு வரியிலேயே ஒப்புக்கொண்டார். ‘பாசமலர்’ பார்த்த எவரும் அந்த வரியைக் கேட்டால் கண்ணீரையும் நீண்ட வசனங்களையும்தான் எதிர்பார்ப்பார்கள். முடிந்த படத்தைப் போட்டுக் காட்டியபோது, பேச்சே இல்லாத படத்தை எடுத்துத் தம் தலையில் மண்ணைப் போட்டுவிட்டதாக அவர் மனம் நொந்து பேசினார் என்பதும், ‘செந்தாழம் பூவில்’ பாட்டை எடுக்கக் கமல்ஹாசன் கைகொடுக்க நேர்ந்தது என்பதும் திரையுலகில் அடிக்கடி சொல்லப்படும் கதைகள். 1978 ஆகஸ்ட் 15 அன்று வந்த படம் மெதுவாகத்தான் கூட்டம் சேர்த்தது; பிறகு நூறு நாள் தாண்டியது. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தமிழில் அவருக்கு அதுதான் முதல் படம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைக்காட்சிக்கு வரும்போது அவர் மறுபடியும் வருவார்.

அடுத்த ஆண்டே வந்த ‘உதிரிப்பூக்கள்’ இந்த முறையை இன்னும் துணிச்சலாகக் கையாண்டது. டைட்டிலில் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்று இருக்கும். ‘சிற்றன்னை’யைத் தேடிப் படித்தவர்கள், உங்களைப் போலவே, ஏமாந்துபோவார்கள். அந்தக் குறுநாவலில் தாய் முன்பே இறந்துவிட்டாள்; இரண்டு குழந்தைகளும், தந்தையும், வீட்டுக்கு வந்த இரண்டாம் தாயுமே கதை. படத்தில் தாய் லட்சுமி உயிரோடு இருக்கிறாள். நோயோடும் கணவனோடும் பல காட்சிகள் வாழ்ந்து, பிறகே சாகிறாள். கணவன் சுந்தரவடிவேல், தமிழ் சினிமா அதுவரை கண்டிராத வகைக் கொடியவன். குரலை உயர்த்தாமல், வெள்ளை வேட்டி கசங்காமல் கொடுமை செய்கிறவன். புதுமைப்பித்தனின் சுந்தரவடிவேலுவுக்கும் இவனுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு. ஊர், ஆறு, பள்ளிக்கூட வாத்தியார், மைத்துனி எல்லாம் மகேந்திரன் சேர்த்தவை. அப்படியானால் ‘சிற்றன்னை’யிலிருந்து அவர் எடுத்தது என்ன? தாயில்லாத இரண்டு குழந்தைகள் பெரியவர்களின் உலகத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையைத்தான். படம் முழுவதும் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். குழந்தைகள் திண்ணையிலோ படிக்கட்டிலோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவில் ஊரே திரண்டு சுந்தரவடிவேலை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. அவனோ, நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்கிறான். அவன் போன பிறகு நமக்கு மிஞ்சுவது கரையில் நிற்கும் அந்தக் குழந்தைகள். புதுமைப்பித்தன் தொடங்கிய இடத்துக்கு, அதாவது தனித்து நிற்கும் இரண்டு குழந்தைகளிடம், மகேந்திரன் கடைசியில் வந்து சேர்கிறார் என்று நான் இதைப் படிப்பேன்.

இவ்வளவு மாற்றிய பிறகு புதுமைப்பித்தனின் பெயரைப் போட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏது? போடாமல் விட்டிருந்தால் எவரும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. போட்டார். நாவலாசிரியர்களின் கதையை முழுதாக எடுத்துக்கொண்டு பெயரைப் போடாமல் விட்ட கதைகளைக் கோடம்பாக்கத்து டிஸ்கஷன் அறைகளில் நான் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் தம் கதையைத் திரையரங்கில் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு, இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார். வழக்குப் போடப் பணமும் இல்லை, மனமும் இல்லை. அநீதி என்ற சொல்லை நான் இப்படிப்பட்டவற்றுக்காக வைத்துக்கொள்ள விரும்புகிறேன். பெயரைச் சொல்லி, உரிமை வாங்கி, பிறகு மாற்றுவது அநீதியில் சேராது. அந்த மாற்றம் நன்றாக இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

எல்லா மாற்றமும் நன்றாக அமைந்தது என்று சொல்லிவிட்டால் நான் ரசிகனாகத்தான் பேசுகிறேன் என்று ஆகிவிடும். 1980-இல் வந்த ‘பூட்டாத பூட்டுக்கள்’ பொன்னீலனின் ‘உறவுகள்’ நாவலிலிருந்து உருவானது. மலையாளத்தின் அந்நாளைய நட்சத்திரமான ஜெயன் நடித்தும் அது ஓடவில்லை. ஓடாததைவிட, மனத்தில் நிற்கவில்லை என்பதே என் குறை. ஒரு மனிதனின் குணத்தையோ ஒரு நிலைமையையோ விதையாக எடுத்துக்கொள்வது மகேந்திரனின் வழி. பொன்னீலனின் எழுத்தில் வலிமை அப்படி ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை. ஊர், உழைப்பு, உறவு என்று பல மனிதர்களுக்கு இடையில் அது பரவிக் கிடக்கும். அதிலிருந்து ஒரு தம்பதியின் கதையை மட்டும் பிரித்தெடுத்தபோது, செடியோடு மண்ணையும் எடுக்க மறந்ததுபோல் ஆகிவிட்டது. இதே முறைதான் காளியைக் கொடுத்தது; இங்கே கை கொடுக்கவில்லை. முறை சரியா தவறா என்பதை நாவலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

சிவசங்கரியின் ‘நண்டு’ 1981-இல் படமானது. நண்டு என்பது புற்றுநோய். வடக்கிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து சேரும் இளைஞனின் கதை அது. அவனுக்காகப் படத்தில் இந்திப் பாட்டையே வைத்தார், எழுதியவர் நம் பி.பி. ஸ்ரீனிவாஸ். அந்த ஆண்டுகளில் தமிழ்ப் படத்துக்குள் இந்திப் பாட்டை வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை அந்தக் காலத்துச் சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் மெல்லியது, நேர்மையானது; நாவல் படித்தவர்கள் பெரிதாகச் சண்டை போடவும் இல்லை. அதன் பிறகு அவர் இயக்கியவற்றில் எழுத்திலிருந்து வந்த முக்கியமான படம் ‘சாசனம்’. கந்தர்வனின் சிறுகதை, செட்டிநாட்டில் பிள்ளையைத் தத்தெடுக்கும் சுவீகார வழக்கத்தைப் பற்றியது, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. எடுத்து முடித்து நெடுங்காலம் காத்திருந்து 2006-இல் வெளியானது. மொத்தம் 12 படங்கள் இயக்கிய ஒருவர் அவற்றில் ஐந்துக்கு உமாசந்திரன், புதுமைப்பித்தன், பொன்னீலன், சிவசங்கரி, கந்தர்வன் என்று ஐந்து வெவ்வேறு எழுத்தாளர்களிடம் போயிருக்கிறார். இவர்கள் ஐவரையும் ஒரே அலமாரித் தட்டில் வைக்கும் வாசகர் அரிது.

மூலத்தை அப்படியே எடுத்து வெற்றி கண்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல்; 1977-இல் பீம்சிங் அதை இயக்கியபோது திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனுடையவையாகவே இருந்தன, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அங்கே பேச்சைக் குறைத்திருந்தால் நாவலே போயிருக்கும். ஏனென்றால் ஜெயகாந்தனின் பாத்திரங்கள் பேசிப் பேசித்தான் தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். கங்கா தன்னோடு வாதாடுவதுதான் அந்தக் கதையின் நிகழ்ச்சி. காளி வாதாடுகிறவன் அல்லன். எனவே மகேந்திரன் சரி, பீம்சிங் தவறு என்றோ, மாறாகவோ சொல்ல இடமில்லை.

தொலைக்காட்சி பற்றிய உங்கள் கவனிப்பு கூர்மையானது, காரணம் எளிமையானது. 2000-ஐ ஒட்டிய காலத்தில் சன் தொலைக்காட்சியில் பாலு மகேந்திரா இயக்கிய ‘கதை நேரம்’ நாவல்களைத் தொடவில்லை, சிறுகதைகளையே எடுத்தது. சுஜாதாவின் பல கதைகள், மாலனின் ‘தப்புக் கணக்கு’ என்று வாரம் ஒரு கதை, அரைமணி நேரம். விளம்பரங்களைக் கழித்தால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே. பத்துப் பக்கச் சிறுகதையை உரக்கப் படித்தால் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். கதையின் அளவும் படத்தின் அளவும் ஒன்றாக இருக்கும்போது, எதையும் வெட்டவோ நீட்டவோ வேண்டியதில்லை. இரண்டு அறைகள், மூன்று மனிதர்கள், சன்னல் வெளிச்சம் போதும். அதனால்தான் அவை மூலத்தோடு ஒட்டி நின்றன. நாவலுக்கு உரிய இடம் தொலைக்காட்சியின் நெடுந்தொடர்தான் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். பழைய தொடர்கதையின் ‘முன்கதைச் சுருக்க’மும் ‘தொடரும்’ பலகையும் அங்கே அப்படியே குடியேறியிருந்தன அல்லவா? ஆனால் வாரம் ஒரு நாள் வந்த கொக்கி தினமும் வரத் தொடங்கியபோது, ஆண்டுக்கணக்கில் நீட்டும் தேவையும் சேர்ந்துகொண்டபோது, எந்த நாவலும் அதைத் தாங்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பதின்மூன்று வாரம் என்ற அளவில் கதைகளைக் கேட்டு வந்த அந்த நாட்கள் நாவலுக்கு இன்னும் பொருத்தமாக இருந்தன.

‘கதை நேரம்’ இன்னொரு வகையிலும் நம் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. அதில் பாலு மகேந்திராவின் உதவியாளர்களில் ஒருவர் வெற்றிமாறன். சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது அங்கே உதவியாளர்களின் வேலை. வாரா வாரம் ஒரு கதையை அரைப் பக்கத்தில் சொல்லிப் பழகியவர் பின்னாளில் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’பை ‘விசாரணை’யாகவும் (2015), பூமணியின் ‘வெக்கை’யை ‘அசுர’னாகவும் (2019) எடுத்தார். ‘வெக்கை’யைப் படித்திருந்தால் அங்கே நடந்த மாற்றம் புலி லாரியானதைவிடப் பெரிது என்பது தெரியும். நாவல் கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கண்கள் வழியே நடப்பது. அவனும் தந்தையும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்களே முழு நாவலும். படமோ தந்தை சிவசாமியின் கதை. அவனுடைய கடந்த காலம், நிலப் போராட்டம், எரிக்கப்படும் குடிசைகள் எல்லாம் புதிதாகச் சேர்ந்தவை. இங்கே நான் முழுதாக உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவலில் தந்தையும் மகனும் என்ன சமைப்பது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று பேசிக்கொண்டே நடப்பதில் ஓர் அச்சம் இருக்கிறது. நாயகனுக்காக எழுதப்பட்ட சண்டைக் காட்சிகளில் அது கரைந்துவிட்டது. ஆயினும் மண்ணுக்காக ஒரு குடும்பம் துரத்தப்படும் நிலைமை, அதாவது விதை, கெடவில்லை. பூமணியின் பெயரும் படத்தில் இருக்கிறது; படம் வந்த பிறகு நாவலைத் தேடி வாங்கியவர்கள் பலரை நான் புத்தகக் கண்காட்சியில் நேரில் பார்த்தேன்.

உங்கள் கோபத்துக்குத் திரும்புகிறேன். அது நியாயமானதுதான், ஆனால் அதை மகேந்திரன் மேல் காட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பைண்டில் புலி வரும் அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டு, அதை மூடிவைத்து, விட்டுப்போன ஒரு வாரத்தை வீட்டில் உள்ளவர்களுக்காக எழுதுவதுபோல், அரைப் பக்கத்தில் கையால் எழுதுங்கள். எழுதியதில் புலி எத்தனை வரி, காளி எத்தனை வரி, வள்ளி எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். புலிக்குப் பெரும்பங்கு வந்தால் நீங்கள் எடுக்கும் படத்தில் புலி இருந்தே ஆக வேண்டும். அப்போது மகேந்திரன் செய்தது தவறு என்று நீங்கள் வாதாடலாம், நானும் கேட்டுக்கொள்வேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், சினிமாவுக்குச் சம்பந்தமில்லாதது. அந்தத் தாள்கள் இந்நேரம் பழுப்பேறி ஓரம் உதிரத் தொடங்கியிருக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டிவிடாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சந்தேகமிருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள். பழைய தமிழ் இதழ்களையும் நூல்களையும் பாதுகாப்பதே அவர்களுடைய வேலை. பின்பக்கத்து விளம்பரங்களையும் வெட்டி எறிந்துவிட வேண்டாம்.